பிரிக்கக் கூடாத தகரம்

நம் கட்டுமான யார்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இன்ஜினியர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும், நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கும், அதை மறைப்பானேன். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எட்டுக்குப் பத்து அறையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினான்கு வயதில் கலவைச் சட்டி தூக்கினேன். இருபதில் கரண்டி பிடித்தேன். மல்லேஸ்வரத்தில் இன்றைக்கும் நீங்கள் நடந்து போனால் நான் பூசிய சுவர் நாலைந்தையாவது கை காட்டுவேன், ஒரு விரிசல் இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவன் பிறகு எல்லையில் இருக்கும் படைக்குப் பதுங்குகிற பங்கர் கட்டினேன். இந்த யார்டு நான் உண்டாக்கியது.

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தாத்தா, இப்போ ட்ரோன் வந்து தலைக்கு மேல நிக்குது. எங்கே பங்கர் இருக்குன்னு அதுக்கு மேல இருந்தே தெரியுது. இன்னும் எதுக்கு இந்த கான்கிரீட்?" நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இதுதான். முன்பெல்லாம் எதிரியைப் பார்த்திருக்கும் சுவர் கெட்டியாக இருந்தால் போதும். இப்போது எல்லாத் திசையிலிருந்தும் பார்க்கிறான். அதனால் கூரையின் அருமை கூடித்தான் இருக்கிறது. ஆனால் பங்கர் கட்டிப் போரை ஜெயிக்க முடியாது. குண்டு விழும் முன்பு உள்ளே இருந்த ஆள், விழுந்த பிறகும் கண்ணும் காதும் கையும் காலுமாக வெளியே வர வேண்டும். அதற்கு மட்டும்தான் பங்கர். கூரை நின்றதா என்பது இரண்டாவது கேள்வி.

இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. நான் கற்றுக்கொண்ட விதம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் சிரிக்கிற கதையைச் சொல்கிறேன். முதல் மாதிரிப் பங்கரை இந்த யார்டில்தான் கட்டினேன், இப்போது டீக்கடை பெஞ்சு போட்டிருக்கும் இடத்தில். பார்த்துவிட்டுச் சொல்லும்படி படையிலிருந்து ஒரு ஹவில்தாரை அனுப்பினார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஆம்பூர்ப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு, பேச்சில் ஒரு நக்கல். நான் கிழக்குப் பார்த்து வாசல் வைத்து, மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைத்துத் தயாராக நின்றேன்.

அவர் வாசலுக்கு நேராக இருபதடி தள்ளி நின்று பார்த்தார். "மேஸ்திரி, ஒரு தேங்கா குடு."

கொடுத்தேன். வேண்டிக்கொண்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் குனிந்து, அதை நேராக வாசலுக்குள் உருட்டிவிட்டார். அது உருண்டு உருண்டு போய்ப் பின்சுவரில் முட்டி நின்றது.

"உள்ளே எத்தினி பேரு?"

"எட்டுப் பேர் தங்கலாம் ஹவில்தார் சாப்."

"எட்டு பேரும் காலி. நீ லட்சுமி வர்றதுக்கு வாசல் வச்சிருக்கே. அந்த வழியா அவளுக்கு முன்னாடி கிரனேடு வந்துடும். வாசலை வளைச்சு வைய்யா, ரெண்டு மடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று சாயங்காலத்துக்குள் வாசலை இடித்து இரண்டு மடக்கு வைத்தேன். வளைந்த வாசல் வீட்டுக்காரனுக்கு அவமானம், பங்கர்காரனுக்கு உயிர். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தேங்காய் போதுமாக இருந்தது. அதிலிருந்து வந்தது வினை. ஒரு விஷயம் சட்டென்று புரிந்ததும், இந்தத் தொழிலில் இனிப் புரிய ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். போகிற இடமெல்லாம் "வளைஞ்ச வாசல் என் டிசைன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனிச் சொல்வதில் சிரிக்க எதுவும் இல்லை.

வடக்கே, மலை மேல், பன்னிரண்டு பங்கர். இங்கிருந்து என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களோடு ஒரு பெண் இன்ஜினியரும் வந்தாள். ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் எல்லோரும் "மேடம்" என்று எழுந்து நிற்கிற பொன்மணிதான். அன்றைக்கு அவளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டிக்கொண்டிருக்கும்.

கூரை போடுவது உங்களுக்குத் தெரியும். கீழே முட்டு கொடுத்து, அதன் மேல் அலைத் தகரம் பரப்பி, கம்பி கட்டி, மேலே கான்கிரீட். அதற்கு மேல் மண், மண்ணுக்கு மேல் கருங்கல். தகரத்துக்குத்தான் இப்போது வருகிறேன். எங்கள் ஊரில் கூரை போட்டால், நாள் கணக்கு முடிந்ததும் முட்டும் தகரமுமான சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டும். பிரிக்காத கூரை முடியாத கூரை. வீட்டுக்காரரே வந்து நின்று, பிரித்த கூரையை அண்ணாந்து பார்த்து, மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார். அடியில் தகரம் தொங்கும் கூரையை நான் என் வாழ்நாளில் விட்டுவிட்டு வந்ததில்லை. அது கோழிக் கொட்டகை.

தகரம் கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளாமல் சுலபமாகக் கழன்று வர, முதலிலேயே அதில் எண்ணெய் தடவுவோம். முதல் பங்கரில் ஆட்கள் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது பொன்மணி வந்தாள்.

"மேஸ்திரிங்க, எதுக்குங்க தகரத்துக்கு ஆயில் அடிக்கறீங்க?"

"பின்னே தலைக்கா அடிப்பாங்க?" என்றான் என் ஆள் ஒருவன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "இதைப் பிரிக்கக் கூடாதுங்க. அப்படியே இருக்கோணும்னு டிராயிங்லயே போட்டிருக்காங்க. நீங்க பாக்கலீங்களா?"

பார்த்தேன். நூறு தடவை பார்த்தேன். கோடு எனக்குப் புரியும், எண் புரியும், கம்பி எத்தனை எம்எம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் படித்ததே இல்லை. படிக்கத் தெரியாது. தெரியாது என்பது யாருக்கும் தெரியாது.

"ஏன் கண்ணு," என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் சென்ட்ரிங் பிரிச்ச கூரையை எல்லாம் வரிசையா நிறுத்தினா உங்க ஈரோடு வரைக்கும் போகும். நீ எத்தினி பிரிச்சிருக்கே?"

ஆட்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனாலும் வரைபடத்தை விரித்து என் கையில் கொடுத்தாள். "நீங்களே படிச்சுப் பாருங்க."

வாங்கினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தி, ஒரு நிமிஷம் படிப்பது போல நின்றேன். பிறகு மடித்துக் கொடுத்தேன். "இது வேற பங்கருக்கு. நம்மது இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "நான் வேணா படிச்சுச் சொல்லட்டுங்களா?"

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். எதுவும் அப்படிச் சுட்டதில்லை. அன்றைக்கே பெங்களூருக்குப் போன் போட்டு, "இந்தப் பொண்ணுக்குக் குளிர் ஒத்துக்கலை, திருப்பி அனுப்புறேன்" என்று சொல்லி, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டேன். யார்டில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துச் சோதிக்கும் மூலையில் அவளை உட்கார வைத்தார்கள்.

தகரத்தைப் பிரித்தேன். பன்னிரண்டு பங்கரிலும் பிரித்தேன். அலைத் தகரம் போன இடத்தில் கூரை அலை அலையாக இருந்தது. அதைச் சமப்படுத்தத் தாராளமாகப் பூச வேண்டியிருந்தது, சில இடத்தில் இரண்டு விரல்கிடை கனம். பூசி முடித்துப் பார்த்தால் மல்லேஸ்வரத்து வீடு தோற்றுவிடும். அதற்கு வானநீல டிஸ்டம்பர் அடித்தேன். ஊரை விட்டு வந்த பிள்ளைகள், படுத்து மேலே பார்த்தால் வானம் மாதிரி இருக்கட்டும் என்று. கழற்றிய தகரத்தில் அவர்கள் சமையல் கொட்டகைக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு இளம் கேப்டன் வந்தார். அண்ணாந்து பார்த்தார். தகரம் எங்கே என்று இந்தியில் கேட்டார். இதைத்தான் அந்தப் பெண் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியாமல் இல்லை. வரைபடம் நமக்குத்தான், வேறு பங்கருக்கு இல்லை என்றும் தெரியும். வாயிலிருந்து வந்தது இது: "அந்தர் ஹை சாப்." உள்ளே இருக்கிறது, மேலே பூசிவிட்டோம். அவர் விரலால் தட்டிப் பார்த்தார், ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். பன்னிரண்டு காகிதம் நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தன. பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதை மட்டும் நன்றாகப் பழகி வைத்திருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்துச் சண்டை வந்தது. என் பங்கர் ஒன்றின் மேல் குண்டு விழுந்தது. கருங்கல் தூளாகி, மண் பறந்து, கூரை நின்றது. படம் எனக்குப் போனில் வந்தது. ஸ்ரீராம்புரத்தில் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு ஹாலில் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் நான் விடுவேனா? "பூமி பிளந்தாலும் என் கூரை பிளக்காது" என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது ஒருவர் வந்து என் காலைத் தொட்டார். முப்பது வயது இருக்கும், கறுப்புக் கண்ணாடி. பெயர் ஏழுமலை, வேலூர்ப் பக்கம். குண்டு விழுந்தபோது அந்தப் பங்கருக்குள் இருந்தவர். இங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்கு வந்திருக்கிறார்.

"ஐயா, நீங்க கட்டினதாலதான் நான் இன்னிக்கு உங்க எதிர்ல நிக்கறேன். ஒரு கண்ணு போச்சு. அது போனா போவுது."

"குண்டுச் சில்லு பட்டுச்சா தம்பி?"

"இல்லீங்க. சில்லு எதுவும் உள்ள வரலியே. கூரை அப்படியே நின்னுச்சு. அந்த அதிர்ச்சியில மேல இருந்து ஏதோ பேத்துக்கினு வந்து அடிச்சுது. நான் அண்ணாந்து படுத்துனு இருந்தேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். "டாக்டரு கண்ணுல இருந்து எடுத்துக் குடுத்தாரு. வச்சிருக்கேன்."

திறந்து காட்டினார். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு, மூன்று. ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் வானநீலம்.

நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "நம்ம பசங்க மத்த பங்கர்லதான் இருக்கானுங்க. போன்ல சொன்னேன், மேஸ்திரி கூரைடா, கவலப்படாம தூங்குங்கடான்னு."

பதினொரு கூரை. அதன் அடியில் அண்ணாந்து படுத்திருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு நான் கொடுத்திருந்தது அவர்கள் முகத்துக்கு நேரே இரண்டு விரல்கிடைப் பூச்சு. எதிரி வெளியிலிருந்து எறிய வேண்டியதை நான் உள்ளேயே தொங்கவிட்டு வந்திருந்தேன்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத எவ்வளவு ஆசை. ஒன்பது நாள் சொல்லவில்லை. ஒன்பது. முதல் நாள், அது என் பூச்சாக இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், சண்டைதான் நின்றுவிட்டதே என்றேன். மூன்றாம் நாள் இன்னொரு சங்கத்தில் சால்வை போட்டார்கள், போய் வாங்கிக்கொண்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பேசவும் பேசினேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் காலையில் செய்தியைப் போட்டு, எல்லையில் சத்தம் உண்டா என்று பார்ப்பேன். இல்லை என்றால் இன்றைக்கும் சொல்ல வேண்டாம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பத்தாம் நாள் காலை செய்தியில் எல்லையில் மறுபடி குண்டு என்றான். நேராக யார்டுக்குப் போய், சோதனை மூலையில் இருந்த பொன்மணி முன்னால் வரைபடத்தை விரித்தேன்.

"கண்ணு, அந்த நாலு வரியைப் படி."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். ஆங்கிலத்தில் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "குண்டு விழுந்தா கான்கிரீட் மேல உடையாட்டியும் உள்பக்கம் பேந்து ஆளு மேல அடிக்கும். அதைத் தாங்கறதுக்குத்தான் தகரம். பிரிக்காம நிரந்தரமா விட்டுரோணும். உள்பக்கம் எந்தப் பூச்சும் பூசக் கூடாது. அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான். நாலு வரி.

ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். அவள் கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தாள்.

"மிச்சம் எத்தனை பங்கருங்க?"

"பதினொன்னு."

"அதுல ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்புறம் ஏனுங்க இங்க நிக்கறீங்க?"

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துக் கன்டோன்மென்ட்டில் பங்கர் வேலையைப் பார்க்கும் மேஜரிடம் போனோம். குடகுக்காரர், இந்த ஊரிலேயே வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"மேஸ்திரி, இதுல தகரம் இருக்குன்னு எழுதியிருக்கு. பன்னெண்டுலயும். கீழ யார் சைன்?"

"என்னுது சார்."

"அப்போ அன்னிக்குப் பொய்யா, இல்ல இன்னிக்குப் பொய்யா?"

"அன்னிக்கு சார்."

"படிச்சுத்தானே போட்டீங்க?"

இந்த இடத்தில் தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. ஆட்கள் தப்பு என்று சொல்லலாம். கூட வந்த இன்ஜினியர் பாதியில் போய்விட்டாள், படித்துச் சொல்ல ஆள் இல்லை என்று சொல்லலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டாவது வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது சார்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒருவர் முன்னால் அதைச் சொன்னேன். அறுபத்தொரு வயதில்.

மேஜர் பேனாவை மூடினார். "வாய்ல சொன்னா நான் ஒன்னும் பண்ண முடியாது. குண்டு விழுற நேரத்துல பதினோரு போஸ்ட்டைக் காலி பண்ணுன்னு நான் மேல சொல்லணும். ரெக்கார்டு எல்லாம் சரியா இருக்கும்போது யார் கேப்பாங்க? ரைட்டிங்ல குடுங்க. என்ன நடந்துச்சோ அது முழுசா. குடுத்தா இன்னிக்கே பசங்களை வெளிய வெட்டின டிரெஞ்சுக்கு மாத்துவேன், பூச்சைக் கொத்தித் தகரம் அடிக்க ஆள் அனுப்புவேன்." ஃபைலை மூடினார். "ஆனா ஒன்னு. குடுத்தா உங்க பேரு போச்சு. எங்க வேலை மறுபடி எப்போ கிடைக்கும்னு எனக்குத் தெரியாது."

அவர் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. அன்றைக்கே பிள்ளைகளை வெளியே மாற்றினார்கள், பதினொன்றிலும் பூச்சைக் கொத்தித் தகரம் அடித்தார்கள். மூன்று வருஷம் இந்த யார்டுக்கு ராணுவ வேலை வரவில்லை. மறுபடி வந்தபோது காகிதத்தில் பொன்மணியின் கையெழுத்து இருந்தது, என்னுடையது இல்லை. ஏழுமலையிடம் நானே வேலூருக்குப் போய்ச் சொன்னேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டார். அதன் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய கடனும் அவருக்கு இல்லை.

அன்றைக்கு அந்த அறையில் மேஜர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். நான் அதைப் பொன்மணி பக்கம் தள்ளினேன்.

"நான் சொல்றேன். நீ இங்கிலீஷ்ல எழுதும்மா."

அவள் பேனாவை எடுத்தாள். நான் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தகரத்தை நான்தான் பிரிக்கச் சொன்னேன். பன்னிரண்டிலும். கேப்டன் கேட்டபோது உள்ளே இருக்கிறது என்று பொய் சொன்னேன். காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிரிக்கக் கூடாது என்று இன்ஜினியர் முன்கூட்டியே எனக்குச் சொன்னார். படித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நான் அவரை எல்லோர் முன்னாலும் கேலி செய்து திருப்பி அனுப்பினேன்.

பேனா நின்றது. "இதையும் எழுதோணுங்களா?"

"எழுதும்மா."

எழுதினாள். முடித்ததும் பழக்க தோஷத்தில் தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போடப் போனேன். அவள் தாளின் மேல் கையை வைத்தாள்.

"இருங்க. படிச்சுக் காட்டறேன். அப்புறம் போடுங்க."

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். ஒரு வரி ஆங்கிலம், அதே வரி தமிழ். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டேன். ஒரு இடத்தில் "சிலவற்றில் பிரித்தேன்" என்று விழுந்திருந்தது. என்னைக் காப்பாற்ற நினைத்தாளோ, அவசரத்தில் எழுதினாளோ, இன்றுவரை நான் கேட்டதில்லை.

"எல்லாத்துலயும்னு மாத்தும்மா," என்றேன்.

மாற்றினாள். பிறகு கையெழுத்துப் போட்டேன்.